விடை தெரிந்த பிறகும் விடாத புதிர்கள்: ஆர்வத்துக்காகக் கணிதம் படிக்க

பரீட்சைக்கோ வேலைக்கோ இல்லாமல், ஆர்வத்துக்காக மட்டும் கணிதம் படிக்க உங்களுக்கு ஆசை. பள்ளிக் கணக்கு பாதி மறந்துவிட்டது. எதில் தொடங்குவது, எதைத் தவிர்ப்பது என்பது கேள்வி. மறந்துபோனதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். நான் கீழே சொல்லும் புத்தகங்களில் பெரும்பாலானவற்றுக்குக் கூட்டல், கழித்தல், பின்னம், கொஞ்சம் வடிவியல் தெரிந்தால் போதும். அவை கேட்பது வேறொன்றை. ஒரு புதிரோடு இரண்டு மூன்று நாள் விடை தெரியாமலே இருக்கும் பொறுமையைக் கேட்கும்.

புதிர்ப் புத்தகங்கள் ஆயிரக்கணக்கில் கிடைக்கின்றன. நான் அவற்றை எடைபோடுவது ஒரே அளவுகோலால்: விடை தெரிந்த பிறகு அந்தப் புதிரில் ஏதாவது மிச்சம் இருக்கிறதா? ஓர் உதாரணம் சொன்னால் விளங்கும்.

சதுரங்கப் பலகையில் 64 கட்டங்கள். எதிரெதிர் மூலைகளில் உள்ள இரண்டு கட்டங்களை வெட்டி எடுத்துவிடுங்கள். மீதி 62. ஒரு டோமினோக் கட்டை அடுத்தடுத்த இரண்டு கட்டங்களைச் சரியாக மூடும். 31 கட்டைகளால் இந்த 62 கட்டங்களையும் மூட முடியுமா? அடுக்கிப் பாருங்கள். கடைசியில் இரண்டு கட்டங்கள் எங்கெங்கோ தனித்தனியே நிற்கும். மாற்றி அடுக்கினாலும் அப்படியேதான். ஆனால் ஆயிரம் முறை தோற்றாலும் 'முடியாது' என்று சொல்லிவிட அது போதாதல்லவா? இப்போது பலகையின் நிறத்தைக் கவனியுங்கள். எங்கே வைத்தாலும் ஒரு கட்டை ஒரு கறுப்பையும் ஒரு வெள்ளையையும் மூடும். எதிரெதிர் மூலைகளோ ஒரே நிறம். அவற்றை எடுத்துவிட்டால் ஒரு நிறத்தில் 32, மற்றதில் 30. ஆகவே முடியாது. கோடிக்கணக்கான அடுக்குமுறைகளை ஒன்றுகூடப் பார்க்காமல், மூன்று வரியில் எல்லாவற்றுக்கும் தீர்ப்புச் சொல்லியாகிவிட்டது.

தத்துவ அறிஞர் மாக்ஸ் பிளாக் 1946இல் வெளியிட்ட புதிர் இது. இங்கேயே பக்கத்தைப் புரட்டிவிடுகிறவர்கள் சுவையின் பாதியை இழக்கிறார்கள். ஏனென்றால் அடுத்த கேள்வி தானாக எழுகிறது: மூலைகளுக்குப் பதிலாக ஏதாவது ஒரு கறுப்பையும் ஏதாவது ஒரு வெள்ளையையும் எடுத்தால்? எண்ணிக்கை இப்போது சமம். அப்படியானால் எப்போதும் மூட முடியுமா? முடியும் என்று கணிதர் ரால்ஃப் கோமரி காட்டினார். எல்லாக் கட்டங்களையும் ஒவ்வொரு முறை மட்டும் தொட்டுப் புறப்பட்ட இடத்துக்கே திரும்பும் மூடிய பாதை ஒன்றைப் பலகையில் வரையுங்கள். பாதை நெடுகிலும் நிறங்கள் மாறி மாறி வரும். அதிலிருந்து ஒரு கறுப்பையும் ஒரு வெள்ளையையும் நீக்கினால் பாதை இரண்டு துண்டாகும். இரண்டும் பாதையில் அண்டைக் கட்டங்களாக இருந்தால் ஒரே துண்டு. எப்படியானாலும் ஒவ்வொரு துண்டிலும் இரட்டைப்படை எண்ணிக்கையில் கட்டங்கள். பிறகென்ன, பாதையின் போக்கிலேயே கட்டைகளை வைத்துக்கொண்டு போக வேண்டியதுதான். ராஸ் ஹான்ஸ்பெர்கர் 1973இல் வெளியிட்ட 'மேத்தமேட்டிகல் ஜெம்ஸ்' என்ற நூலில் இந்த நிரூபணம் வந்தது. கொஞ்சம் பழகிய பிறகு படிக்க வேண்டிய நூல் அது. இரண்டாம் ஆண்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் ஆண்டுக்கு ஒருவர் போதும் என்றால் மார்ட்டின் கார்ட்னர். 1914இல் பிறந்து 2010இல் மறைந்த அமெரிக்கர். 'சயன்டிஃபிக் அமெரிக்கன்' இதழில் 1957 ஜனவரி முதல் ஏறத்தாழ கால் நூற்றாண்டு 'கணித விளையாட்டுகள்' என்ற பத்தியை எழுதினார். சிகாகோ பல்கலைக்கழகத்தில் அவர் படித்தது தத்துவம். பள்ளிக்கு மேல் கணித வகுப்புக்குப் போனதில்லை. ஒவ்வொரு மாதமும் தாம் முதலில் புரிந்துகொண்டு, அந்தப் புரிதல் ஏறிய படிகளையே வாசகருக்கும் வைத்தார். அவருடைய எழுத்தின் தெளிவுக்கு இதுதான் காரணம் என்று நான் உறுதியாக நம்புகிறேன். நிபுணர்கள் தாண்டிக் குதிக்கும் படிகளை அவர் தாண்டுவதில்லை.

அந்தப் பத்தி பிறந்த கதையே ஒரு புதிர். 1939இல் பிரின்ஸ்டனில் ஆர்தர் ஸ்டோன் என்ற இங்கிலாந்து மாணவர், அமெரிக்கத் தாள் தம் கோப்புக்குப் பொருந்தவில்லை என்று ஓரத்தை நறுக்கினார். கையில் மிஞ்சிய நாடாக்களைச் சும்மா மடித்துக்கொண்டிருந்தபோது, தட்டையான ஓர் அறுகோணம் உருவாயிற்று. அதைக் குவித்து விரித்தால் அதுவரை கண்ணில் படாத மூன்றாவது முகம் வெளியே வந்தது! நண்பர்கள் சேர்ந்து ஆராய ஒரு குழுவே அமைத்தார்கள். அவர்களில் ஒருவர் பின்னாளில் புகழ்பெற்ற இயற்பியலாளரான ரிச்சர்ட் ஃபைன்மன். கார்ட்னர் இந்த 'ஹெக்ஸாஃப்ளெக்ஸகன்' பற்றி 1956 டிசம்பரில் எழுதிய கட்டுரைக்குக் கிடைத்த வரவேற்பைப் பார்த்துத்தான் இதழ் அவருக்கு நிரந்தரப் பத்தி கொடுத்தது. பத்து சமபக்க முக்கோணங்கள் வரிசையாக உள்ள ஒரு காகித நாடா இருந்தால் நீங்களே செய்துவிடலாம். பத்தாவது முக்கோணம் ஒட்டுவதற்கு. இதைப் படித்தால் மட்டும் போதாது, செய்து பார்க்க வேண்டும்.

அதே ஸ்டோன் கேம்பிரிட்ஜில் இருந்தபோது மூன்று நண்பர்களோடு சேர்ந்து இன்னொன்றில் இறங்கினார்: ஒரு சதுரத்தை, ஒன்றுக்கொன்று அளவு வேறுபட்ட சிறு சதுரங்களாக மீதமின்றிப் பிரிக்க முடியுமா? அவர்கள் கண்ட வழி வியப்பானது. சதுரங்களின் பக்க அளவுகளை ஒரு மின்சுற்றில் பாயும் மின்னோட்டங்களாகப் பாவித்தார்கள். மின்சுற்றின் விதிகள் அப்படியே சதுரங்களுக்கும் பொருந்தின. 1940இல் ஆய்வுக்கட்டுரை வந்தது. மிகக் குறைந்த எண்ணிக்கை 21 சதுரங்கள் என்பதும், பெரிய சதுரத்தின் பக்கம் 112 அலகு என்பதும் 1978இல் டச்சுக் கணிதர் டெய்வெஸ்டைன் கணினி கொண்டு கண்டறிந்தவை. நால்வரில் ஒருவரான வில்லியம் டட், இரண்டாம் உலகப்போரில் ஜெர்மானிய ராணுவத்தின் உயர்மட்ட ரகசியக் குறியீட்டை உடைப்பதில் பெரும்பங்கு வகித்தவர். சதுரத்தைப் பிரித்த கதையை டட் தம் சொற்களிலேயே சொல்ல, கார்ட்னர் 1958இல் தம் பத்தியை அவருக்கு விட்டுக்கொடுத்தார்.

கார்ட்னர் பத்திகள் 15 தொகுப்பு நூல்களாக வந்திருக்கின்றன. அத்தனையும் வேண்டாம். முதலில் 1978இல் வந்த 'ஆஹா! இன்சைட்'. படங்களோடு, பத்து வயதுக் குழந்தையும் நுழையக்கூடிய நூல். ஒவ்வொரு புதிரும் மூச்சுமுட்டக் கணக்குப் போட்டும் தீர்க்கலாம், சட்டென்று ஒரு கோணம் மாற்றியும் தீர்க்கலாம் என்ற வகை. அடுத்து 2001இல் வந்த 'தி கலோசல் புக் ஆஃப் மேத்தமேட்டிக்ஸ்'. அவருடைய நீண்ட கட்டுரைகளில் சிறந்தவை ஒரே தொகுதியில். வரிசையாகப் படிக்க வேண்டியதில்லை. தலைப்பு எங்கே இழுக்கிறதோ அங்கே திறக்கலாம்.

கார்ட்னரைப் பற்றி நிறையச் சொல்கிறேன் என்றால் காரணம் இருக்கிறது. அவர் பத்தி படிப்பவர்களைச் சும்மா இருக்க விடவில்லை. 1970 அக்டோபரில் கணிதர் ஜான் கான்வேயின் 'லைஃப்' விளையாட்டை அறிமுகம் செய்தார். கட்டம் போட்ட தாளில் உயிருள்ள கட்டம், உயிரற்ற கட்டம். அண்டையில் உள்ள எட்டுக் கட்டங்களில் எத்தனை உயிரோடு இருக்கின்றன என்பதைப் பொறுத்து அடுத்த தலைமுறை. மூன்று உயிருள்ள அண்டைகள் இருந்தால் உயிரற்றது பிறக்கும், உயிருள்ளது பிழைக்க இரண்டோ மூன்றோ வேண்டும், மற்றவை மறையும். விதிகள் அவ்வளவே. எல்லையின்றி வளர்ந்துகொண்டே போகும் தொடக்க அமைப்பு உண்டா என்று கான்வே 50 டாலர் பரிசு அறிவிக்க, அடுத்த மாதமே எம்.ஐ.டி.யில் பில் காஸ்பர் குழு அப்படி ஒன்றைக் கண்டுபிடித்தது: சீரான இடைவெளியில் சிறு உருக்களைச் சுட்டு அனுப்பிக்கொண்டே இருக்கும் 'துப்பாக்கி'. ஒரு கணினி செய்யக்கூடிய எதையும் இந்தக் கட்டங்களால் செய்ய முடியும் என்பதும் பின்னர் நிறுவப்பட்டது.

1975 ஜூலையில் அவர் எழுதியது ஐங்கோணங்களைப் பற்றி. ஒரே வடிவக் குவிந்த ஐங்கோணங்களைக் கொண்டு தரையை இடைவெளியோ மேற்படிதலோ இல்லாமல் நிரப்ப எத்தனை வகை உண்டு? கெர்ஷ்னர் என்ற கணிதர் 1968இல் 8 வகைகளோடு பட்டியல் முடிந்தது என்று அறிவித்திருந்தார். பத்தியைப் படித்த ரிச்சர்ட் ஜேம்ஸ் என்ற வாசகர் புதிதாக ஒன்றைக் கண்டு அனுப்பினார். பட்டியல் முழுமையல்ல என்று தெரிந்ததும், மகனுக்கு வந்துகொண்டிருந்த அதே இதழைப் படித்துவந்த மார்ஜரி ரைஸ் என்ற இல்லத்தரசி தாமும் முயன்றார். பள்ளிக்கு மேல் கணிதம் படிக்காதவர். கோணங்களையும் பக்கங்களையும் குறிக்கத் தமக்கென்று ஒரு குறியீட்டு முறையை உருவாக்கிக்கொண்டார். 1977க்குள் நான்கு புதிய வகைகள்! கணிதப் பேராசிரியர் டோரிஸ் ஷாட்ஷ்னைடர் அவற்றைச் சரிபார்த்து உறுதி செய்தார். 1985இல் ஒன்று, 2015இல் ஒன்று என்று எண்ணிக்கை 15 ஆயிற்று. அதற்கு மேல் இல்லை என்று மிஷேல் ராவ் 2017இல் கணினி உதவியோடு நிரூபணம் அளித்தார்.

அதெல்லாம் அந்தக் காலம் என்று நினைக்க வேண்டாம். ஒரே ஒரு வடிவத்தால் தளத்தை நிரப்ப வேண்டும், ஆனால் அந்த நிரப்பல் ஒருபோதும் ஒழுங்காகத் திரும்பத் திரும்ப வரக் கூடாது; அப்படி ஒரு வடிவம் உண்டா என்பது பல பத்தாண்டுகள் தீராத கேள்வி. 2022இல் அதைக் கண்டவர் இங்கிலாந்தின் டேவிட் ஸ்மித், அச்சுத்துறையில் தொழில்நுட்பராக இருந்து ஓய்வுபெற்றவர். தொப்பி போலிருக்கும் 13 பக்க வடிவம். காகிதத்தில் வெட்டி அடுக்கிப் பார்த்து, இது வழக்கத்துக்கு மாறாக நடந்துகொள்கிறது என்று உணர்ந்தார். மூன்று ஆய்வாளர்களோடு சேர்ந்து 2023 மார்ச்சில் நிரூபணத்தை வெளியிட்டார். கணிதத்தின் வேறெந்தத் துறையிலும் ஆர்வலர்களுக்கு இவ்வளவு திறந்த வாசல் இருப்பதாக நான் அறியவில்லை.

வடிவங்கள் பிடிக்கவில்லை, சொற்களும் தர்க்கமும்தான் பிடிக்கும் என்றால் ரேமண்ட் ஸ்மல்யன். 1919 முதல் 2017 வரை வாழ்ந்தவர். தர்க்கவியலாளர், மந்திரவித்தைக்காரர், பியானோக் கலைஞர். அவருடைய தீவில் இரண்டே வகை மனிதர்கள்: எப்போதும் உண்மையே பேசுபவர்கள், எப்போதும் பொய்யே பேசுபவர்கள். பார்த்தால் வேறுபாடு தெரியாது. 'நான் பொய்யன்' என்று அந்தத் தீவில் யாராலும் சொல்ல முடியாது. உண்மை பேசுபவர் சொன்னால் அது பொய்யாகிவிடும்; பொய்யர் சொன்னால் உண்மையாகிவிடும். இப்படி எளிதாகத் தொடங்கி, எங்கே கொண்டுபோகிறார் பாருங்கள்.

தவறானதை ஒருபோதும் நிரூபிக்காத தர்க்க அறிஞர் ஒருவர் தீவுக்கு வருகிறார். தீவுக்காரர் ஒருவர் அவரிடம் சொல்கிறார்: "நான் உண்மை பேசுபவன் என்பதை உங்களால் ஒருநாளும் நிரூபிக்க முடியாது." இவர் பொய்யர் என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் சொன்னது பொய். அதாவது, இவர் உண்மை பேசுபவர் என்று அறிஞரால் நிரூபிக்க முடியும். ஆனால் அது தவறான செய்தி, அறிஞரோ தவறானதை நிரூபிக்காதவர். ஆகவே இவர் பொய்யராக இருக்க முடியாது. உண்மை பேசுபவர் என்றால், சொன்னதும் உண்மை: அறிஞரால் அதை ஒருநாளும் நிரூபிக்க முடியாது. வெளியே நிற்கும் நமக்குப் பளிச்சென்று தெரியும் ஓர் உண்மை அவருக்கு மட்டும் எட்டாமலே போகிறது. கூர்ட் கோடல் 1931இல் கணிதத்தையே உலுக்கிய தேற்றத்தின் உயிர்நாடி இதில் இருக்கிறது. எண்கணிதத்தைப் பேசும் அளவுக்கு வலுவும் முரணின்மையும் கொண்ட, இயந்திரம்போல் சரிபார்க்கத்தக்க எந்த விதித்தொகுப்பை எடுத்தாலும், உண்மையாக இருந்தும் அதற்குள் நிரூபிக்க முடியாத கூற்றுகள் இருந்தே தீரும். 1978இல் வந்த 'வாட் இஸ் தி நேம் ஆஃப் திஸ் புக்?' என்ற நூலில் ஸ்மல்யன் வேடிக்கைப் புதிர்களில் தொடங்கி, கடைசிப் பகுதியில் உங்களைக் கோடலின் வாசலில் நிறுத்திவிடுவார். 'தி லேடி ஆர் தி டைகர்?' அடுத்தது. இவற்றை வரிசை மாற்றிப் படிக்காதீர்கள்; ஒவ்வொரு புதிரும் முந்தையதன் தோளில் நிற்கிறது.

கோடல் என்றதும் பலர் டக்ளஸ் ஹோஃப்ஸ்டாட்டரின் 'கோடல், எஷர், பாஃக்' நூலைப் பரிந்துரைப்பார்கள். 1979இல் வந்து புலிட்சர் பரிசு பெற்ற பெருநூல். அருமையானதுதான். ஆனால் அதில் தொடங்கியவர்களில் பலர் நூறு பக்கத்தில் நின்றுவிடுகிறார்கள். ஸ்மல்யனை முடித்துவிட்டு அதற்குப் போனால் நிற்க மாட்டீர்கள்.

பழைய புதிர் ஆசிரியர்களில் இங்கிலாந்தின் ஹென்றி டூடெனிக்கு நிகர் இல்லை. பதின்மூன்று வயதிலேயே எழுத்தராக வேலைக்குப் போனவர். சமபக்க முக்கோணம் ஒன்றை நான்கே துண்டுகளாக வெட்டிச் சதுரமாக அடுக்கும் புதிர் அவருடைய 1907 நூலான 'தி கான்டர்பரி பசில்ஸ்'இல் இருக்கிறது. துண்டுகளைக் கீல் போட்டுச் சங்கிலியாக இணைத்தால், ஒரு பக்கம் சுழற்ற முக்கோணம், மறுபக்கம் சுழற்றச் சதுரம். மூன்றே துண்டுகளில் முடியாதா? துண்டுகளைப் புரட்டிப் போடாமல் செய்தால் முடியவே முடியாது என்ற நிரூபணத்தை எரிக் டிமெய்ன் உள்ளிட்ட மூவர் 2024 டிசம்பரில்தான் வெளியிட்டார்கள். புதிர்ப் புத்தகத்தில் இருந்த ஒரு சிறு கேள்விக்கு நூறு ஆண்டுக்கு மேல் ஆயிருக்கிறது.

டூடெனியின் சமகாலத்தவர் அமெரிக்காவின் சாம் லாய்ட். விளம்பரத் திறமை அதிகம்; சொன்னதையெல்லாம் நம்பிவிட முடியாது. 1880இல் அமெரிக்காவையும் ஐரோப்பாவையும் ஆட்டிப்படைத்த 15 வில்லைப் புதிரை (நான்குக்கு நான்கு தட்டில், இருக்கும் ஒரே வெற்றிடத்தைக் கொண்டு 1 முதல் 15 வரை எண்ணிட்ட வில்லைகளை நகர்த்தி வரிசைப்படுத்துவது) தாமே கண்டுபிடித்ததாகப் பின்னாளில் சொல்லிவந்தார். உண்மையில் அது நாய்ஸ் சாப்மன் என்ற அஞ்சல் அலுவலரிடமிருந்து வந்தது. ஆனால் 14, 15 இரண்டை மட்டும் இடம் மாற்றி வைத்து, ஒழுங்குக்குக் கொண்டுவருபவருக்கு 1,000 டாலர் என்று லாய்ட் அறிவித்தது பிரசித்தம். பணம் அவர் கையை விட்டுப் போக வழியே இல்லை. காரணம் நாம் முன்பு பார்த்த அதே கறுப்பு வெள்ளைதான்! தட்டில் உள்ள 16 இடங்களுக்கும் சதுரங்கப் பலகைபோல் நிறம் கொடுங்கள். ஒவ்வொரு நகர்த்தலிலும் வெற்றிடம் நிறம் மாறுகிறது. கடைசியில் அது தொடங்கிய மூலைக்கே வர வேண்டும் என்பதால் நகர்த்தல்களின் எண்ணிக்கை இரட்டைப்படை. ஒவ்வொரு நகர்த்தலும் வெற்றிடத்துக்கும் ஒரு வில்லைக்கும் இடையே ஓர் இடமாற்றம். இரட்டைப்படை இடமாற்றங்களால் ஒரே ஓர் இடமாற்றத்தின் விளைவை உண்டாக்க முடியாது. 1879இலேயே ஒரு கணித ஆய்விதழில் நிரூபணம் அச்சாகிவிட்டது. பரிசை நம்பி நகர்த்திக்கொண்டிருந்தவர்கள் அதைப் பார்க்கவில்லை.

ரஷ்ய மரபு தனி. யாக்கவ் பெரெல்மான் எழுதிய கணித, இயற்பியல் நூல்களில் ஒரு தலைமுறையே வளர்ந்தது. லெனின்கிராட் முற்றுகையின்போது 1942இல் பட்டினியால் இறந்தார். அவருக்குப் பின் போரிஸ் கோர்டெம்ஸ்கி. அவருடைய நூல் ரஷ்ய மொழியில் 1954இல் வந்தது. கார்ட்னர் பதிப்பித்த ஆங்கில வடிவம் 1972இல் 'தி மாஸ்கோ பசில்ஸ்' என்று வெளியாயிற்று. 359 புதிர்கள். தீக்குச்சி, நாணயம், கடிகாரம் என்று கைக்கெட்டும் பொருள்களைக் கொண்டவை. வீட்டில் எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்து போட ஏற்ற நூல் என்றால் நான் இதைத்தான் சொல்வேன்.

கதை வேண்டும் என்பவர்களுக்கு 'தி மேன் ஹூ கவுன்டெட்'. மல்பா தஹான் என்ற அரபுப் புனைபெயரில் பிரேசில் நாட்டுக் கணித ஆசிரியர் ஜூலியோ சீசர் தெ மெல்லோ இ சோசா 1938இல் எழுதியது. அதில் வரும் ஒட்டகக் கணக்கு: 35 ஒட்டகங்கள், மூன்று சகோதரர்கள். தந்தையின் விருப்பப்படி மூத்தவருக்குப் பாதி, அடுத்தவருக்கு மூன்றில் ஒன்று, இளையவருக்கு ஒன்பதில் ஒன்று. எதுவும் முழுதாக வகுபடவில்லை. வழிப்போக்கரான கணக்கர் தம்மோடு வந்தவரின் ஒட்டகத்தையும் சேர்த்து 36 ஆக்குகிறார். 18, 12, 4 என்று பங்கு பிரிக்கிறார். எல்லோருக்கும் கணக்குக்கு மேலேயே கிடைத்துவிட்டது. மொத்தம் 34. மீதி இரண்டு. கொடுத்தவருக்கு ஒன்றைத் திருப்பிவிட்டு, இன்னொன்றைக் கணக்கர் கூலியாக எடுத்துக்கொள்கிறார்.

எங்கிருந்து வந்தது அந்த ஒட்டகம்? 1/2, 1/3, 1/9 மூன்றையும் கூட்டிப் பாருங்கள்: 17/18. தந்தை சொத்து முழுவதையும் பங்கிடவே இல்லை! பழைய வடிவத்தில் 17 ஒட்டகங்கள். ஒன்றை இரவல் வாங்கி 9, 6, 2 என்று பிரித்துவிட்டு இரவலைத் திருப்பலாம். இப்போது நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி: ஓர் ஒட்டகத்தை இரவல் வாங்கித் திருப்பும் இந்த வித்தை வேறு எந்த எண்களுக்குப் பலிக்கும்? மூன்று பங்குகளும் வெவ்வேறாகவும், தொகுதியில் ஒன்று உள்ள பின்னங்களாகவும் இருந்தால் மொத்தமே ஏழு வழிகள்தான். 41 ஒட்டகங்களும் 1/2, 1/3, 1/7 என்ற பங்குகளும் அவற்றில் பெரியது. மற்றவற்றை நீங்களே தேடலாம். ஒரு மாலைப்பொழுது போதும். தேடும்போது, இரவல் ஒட்டகமும் ஒரு பங்குதான் என்று பார்த்தால், நான்கு பின்னங்களைக் கூட்டி ஒன்று கொண்டுவரும் கணக்காக அது மாறுவதைக் காண்பீர்கள்.

எண்களோடு தனியே விளையாட விரும்புபவர்களுக்கு முன்னோடி டி. ஆர். கப்ரேகர். 1905 முதல் 1986 வரை வாழ்ந்த இந்தியப் பள்ளி ஆசிரியர். நான்கு இலக்க எண் ஒன்றை எடுங்கள். நான்கு இலக்கமும் ஒன்றாக மட்டும் இருக்கக் கூடாது. இறங்கு வரிசையில் எழுதி, ஏறு வரிசையில் எழுதியதைக் கழியுங்கள். 3524 என்றால் 5432 கழித்தல் 2345, விடை 3087. அடுத்து 8730 கழித்தல் 0378, விடை 8352. அடுத்து 8532 கழித்தல் 2358, விடை 6174. இனி நகராது: 7641 கழித்தல் 1467 மறுபடியும் 6174. எந்த எண்ணில் தொடங்கினாலும் அதிகபட்சம் ஏழு படிகளில் இங்கேதான் வந்து நிற்கும். மூன்று இலக்கத்துக்கு 495. இரண்டு இலக்கத்துக்கு நிலையான எண் இல்லை. 9, 81, 63, 27, 45 என்று சுற்றிக்கொண்டே இருக்கும். கப்ரேகரின் பெயர் உலகம் முழுவதும் பரவியது 1975இல் கார்ட்னர் எழுதிய பிறகுதான்.

எண் விளையாட்டில் ஓர் எச்சரிக்கை. வட்டத்தின் மேல் புள்ளிகள் வைத்து, எல்லாவற்றையும் நேர்கோடுகளால் இணையுங்கள்; மூன்று கோடுகள் ஒரே இடத்தில் வெட்டக் கூடாது. வட்டம் எத்தனை பகுதிகளாகும்? ஒரு புள்ளிக்கு 1, பிறகு 2, 4, 8, 16. ஆறு புள்ளிக்கு 32 என்று எழுதத்தான் கை போகும். எண்ணிப் பாருங்கள், 31. அதற்குப் பிறகு வேறு பாதை. ஆனால் பத்துப் புள்ளிகளுக்கு மறுபடியும் 256 என்று இரண்டின் அடுக்கு ஒன்று வந்து கண்ணைக் கட்டும். சிறிய எண்கள் இப்படி ஏமாற்றும் என்பதை ரிச்சர்ட் கை என்ற கணிதர் ஒரு கட்டுரையாகவே 1988இல் எழுதினார். அவரும் கான்வேயும் சேர்ந்து 1996இல் எழுதிய 'தி புக் ஆஃப் நம்பர்ஸ்' எண்களைப் பற்றி நான் படித்தவற்றில் மிக அழகானது. நீங்களாகவே ஒரு எண்வரிசையைக் கண்டுபிடித்தால், நீல் ஸ்லோன் 1964இல் சேகரிக்கத் தொடங்கிய எண்வரிசைக் களஞ்சியம் இணையத்தில் இருக்கிறது. முதல் ஐந்தாறு எண்களைத் தட்டினால், முன்பு யாராவது அந்த வழியே போயிருக்கிறார்களா என்று தெரிந்துவிடும்.

ஜி. எச். ஹார்டியின் 'எ மேத்தமேட்டிஷியன்ஸ் அபாலஜி' 1940இல் வந்தது. புதிர்ப் புத்தகம் அல்ல. கணிதம் ஏன் அழகு என்று ஒரு கணிதர் முதுமையில் எழுதியது. மெல்லிய நூல், கட்டாயம் படியுங்கள். ஆனால் எண்களைப் பற்றிய தம் கணிதத்தால் நடைமுறைப் பயன் எதுவும் இல்லை என்று அவர் நிம்மதியடையும் இடத்தில் நிறுத்தி, கார்ட்னரின் 1977 ஆகஸ்ட் பத்தியைப் பக்கத்தில் வையுங்கள். பகா எண்களைக் கொண்டு ரகசியச் செய்தி அனுப்பும் ஆர்எஸ்ஏ முறை பொதுமக்களுக்கு அறிமுகமானது அதில்தான். 129 இலக்க எண் ஒன்றைக் கொடுத்து, காரணிப்படுத்திச் செய்தியை உடைப்பவருக்கு 100 டாலர் என்றார்கள் அந்த முறையை உருவாக்கியவர்கள். பல கோடி ஆண்டுகள் ஆகும் என்ற மதிப்பீடும் கூடவே வந்தது. 1994இல் ஏறத்தாழ 600 தன்னார்வலர்கள் இணையம் வழியே தங்கள் கணினிகளைச் சேர்த்து உடைத்தார்கள்.

தவிர்க்க வேண்டியவை எவை? கூட்டலா பெருக்கலா முதலில் என்று சண்டை மூட்டிவிடும் சமூக ஊடகப் பகிர்வுப் புதிர்கள் கணிதமே அல்ல. தெளிவில்லாமல் எழுதிய கோவையைத் தெளிவாக எழுதினால் சண்டை தீர்ந்தது. விடைக்குப் பின் அங்கே ஒன்றும் மிஞ்சாது. 'அடுத்த எண் எது' என்று நான்கு எண்களைக் கொடுத்து அறிவை அளப்பதாகச் சொல்லும் நூல்களும் அப்படித்தான். வட்டப் புள்ளிகளைப் பார்த்த பிறகு அவற்றின் மேல் உங்களுக்கே நம்பிக்கை போய்விடும். மின்னல் வேகப் பெருக்கலுக்கான குறுக்குவழி நூல்கள் கெடுதல் இல்லை. ஆனால் அந்த வழி ஏன் வேலை செய்கிறது என்று சொல்லாத நூலைக் கீழே வைத்துவிடுங்கள்.

படிக்கும் முறை பற்றிக் கொஞ்சம். பென்சில் இல்லாமல் உட்காராதீர்கள். விடைப்பகுதியைக் குறைந்தது ஓர் இரவு கழித்துத் திறங்கள். சிக்கினால் புதிரைச் சிறிதாக்குங்கள்: எட்டுக்கு எட்டுப் பலகை கடினமென்றால் நான்குக்கு நான்கு. விடை கிடைத்ததும் ஒரு நிபந்தனையை மாற்றிப் பாருங்கள். இந்தப் பழக்கத்தை முறையாகக் கற்க ஜார்ஜ் போல்யாவின் 'ஹௌ டு சால்வ் இட்' இருக்கிறது, 1945இல் வந்தது. பீட்டர் விங்க்லரின் 2004 தொகுப்பான 'மேத்தமேட்டிகல் பசில்ஸ்' மிக உயர்ந்த தரம், ஆனால் கடினம். ஒரு புதிருக்கு ஒரு வாரம் ஒதுக்கிக்கொண்டு அதற்குள் போங்கள். பத்து வயதை ஒட்டிய குழந்தைகளோடு படிக்க என்ட்சென்ஸ்பெர்கரின் 'தி நம்பர் டெவில்'.

இவற்றில் எதுவும் இப்போது கைக்குக் கிடைக்காவிட்டாலும் காத்திருக்க வேண்டாம். டூடெனியின் 'தி கான்டர்பரி பசில்ஸ்', 1917இல் வந்த அவருடைய 'அம்யூஸ்மென்ட்ஸ் இன் மேத்தமேட்டிக்ஸ்' இரண்டும் காப்புரிமை முடிந்தவை. குட்டன்பெர்க் திட்டத்தின் தளத்தில் படங்களோடும் விடைகளோடும் இலவசமாகக் கிடைக்கின்றன. பழைய ஆங்கில நாணயங்களும் அளவைகளும் கொண்ட கணக்குகளைத் தாண்டிவிட்டு, வெட்டி ஒட்டும் வடிவப் புதிர்களிலிருந்து தொடங்குங்கள்.